பழைய 6 வோல்ட் டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றுவது எப்படி

ஃபோர்டு 9என், 2என், 8என், ஃபார்மால் எச், எம், கப் போன்ற பழைய பெட்ரோல் டிராக்டர்கள் பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரியோடு வந்தவை. இவற்றில் 12 வோல்ட் பேட்டரியை வைப்பது பத்து நிமிட வேலை. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் பல்புகள் உடனே போகும், சில மணி நேரத்தில் பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில் போகும், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் பாயிண்ட் கருகும், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான சோலனாய்டு ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். டைனமோவும் அந்த பேட்டரியை ஒழுங்காகச் சார்ஜ் செய்யாது. ஆகவே பேட்டரி, காயில், சோலனாய்டு, சார்ஜிங், விளக்குகள் ஆகிய ஐந்தையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். இடையில் நிறுத்தி வைத்தால்தான் பொருள் வீணாகும்.

மாற்றுவதற்கு முன் 6 வோல்ட்டைச் சோதியுங்கள்

பெரும்பாலானவர்கள் 12 வோல்ட்டுக்குப் போக நினைப்பது செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்பதால். அதற்கு 6 வோல்ட் காரணமாக இருப்பது அபூர்வம். கேபிள்தான் காரணமாக இருக்கும். செல்ஃப் மோட்டார் அடிக்கும்போது 200 முதல் 300 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த ஒரு எர்த் (பேட்டரி சேசிஸோடு சேரும்) இணைப்பில் 0.003 ஓம் தடை இருந்தாலும் 300 ஆம்பியரில் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். 6 வோல்ட்டில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதோடு, யாரோ எப்போதோ கார் பேட்டரி கேபிளை வாங்கி மாட்டியிருப்பார்கள். 12 வோல்ட்டுக்குப் போதுமான 25 சதுர மி.மீ. கேபிள் 6 வோல்ட்டுக்குப் போதவே போதாது. 6 வோல்ட்டுக்கு 50 முதல் 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வேண்டும்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் (எர்த் அல்லாத) ஈயக் கட்டையிலேயே இருக்கட்டும், கிளாம்ப்பில் வேண்டாம். மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் வைத்து, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. அதேபோல பேட்டரியின் எர்த் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் இடையே ஒருமுறை பாருங்கள். எர்த் கேபிள் சேசிஸில் சேரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கினாலே பல டிராக்டர்கள் 6 வோல்ட்டிலேயே சட்டென்று எடுக்கும். அப்படி எடுத்துவிட்டால், விளக்குப் போட்டு இரவில் வேலை செய்யாத டிராக்டரை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. 12 வோல்ட் பேட்டரியும் பல்பும் எங்கும் கிடைக்கும். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம். இரண்டு 35 வாட் விளக்கு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 12 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர்தான். ஸ்பிரேயர் மோட்டார் போன்ற எதையும் இணைக்கவும் 12 வோல்ட் வேண்டும்.

8 வோல்ட் பேட்டரி போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது வேண்டாம். சார்ஜரும் தனியாக வேண்டும், ரெகுலேட்டரையும் திருத்த வேண்டும், பல்பின் ஆயுளும் குறையும்.

எர்த் எந்தப் பக்கம்?

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை சேசிஸோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன டிராக்டர்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். ஆனால் 12 வோல்ட்டுக்குப் போடும் ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. தலைகீழாகக் கொடுத்தால் அதன் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். ஆகவே பேட்டரியைத் திருப்பி, நெகட்டிவை எர்த்தில் கொடுக்க வேண்டும். கேபிளில் பழைய அடையாளங்கள் இருந்தால் அழித்துவிட்டு, சேசிஸ் பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். பின்னால் வேலை செய்ய வருபவருக்கு அது பேருதவி.

எர்த்தைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமோ என்ற பயம் தேவையில்லை. அதில் ஃபீல்டும் (நிலையாக நிற்கும் சுருள்) ஆர்மேச்சரும் (சுற்றும் சுருள்) வரிசையாக இணைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து திரும்புவதால் சுற்றும் திசை மாறாது.

செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டாம்

6 வோல்ட் செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் வேலை செய்யும். வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் அந்த வேகத்தோடுதான் பெண்டிக்ஸ் பல் (செல்ஃப் அடிக்கும்போது வெளியே வந்து எஞ்சினைச் சுற்றும் பல்) பிளைவீல் ரிங் கியரில் போய் மோதும். ஐந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் பிளைவீல் முழுமையாக நிற்கும்வரை பொறுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் பிளைவீலில் மறுபடி அடிப்பதுதான் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கை உடைக்கிறது, ரிங் கியர் பல்லைத் தின்கிறது. ஒரு நிமிடம் விடாமல் அடித்தால் மோட்டார் சூடேறி உள்ளே ஈயப்பற்று உருகிவிடும்.

பழைய தடித்த கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கேபிள் மாட்ட எந்த அவசியமும் இல்லை.

இக்னிஷன் காயில்: கணக்கு இங்கேதான்

முதலில் டிராக்டரில் இருப்பது மேக்னெட்டோவா, காயிலா என்று பாருங்கள். மேக்னெட்டோ என்றால் அது தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை. அதன் சுவிட்ச், மேக்னெட்டோவை எர்த் செய்துதான் எஞ்சினை நிறுத்துகிறது. அந்த ஒயரில் 12 வோல்ட் ஒருபோதும் போகக் கூடாது. போனால் மேக்னெட்டோ கெட்டுவிடும். மேக்னெட்டோ டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

காயில் என்றால் பிரைமரி தடையை அளக்க வேண்டும். காயிலின் இரண்டு சிறிய முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓமில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, அளவிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அந்த 0.3 பெரிய பிழை.

6 வோல்ட் காயில் சுமார் 1.5 ஓம் இருக்கும். பேட்டரி 6.3 வோல்ட் என்றால் பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். பாயிண்ட் தாங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். அதே காயிலுக்கு 12.6 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகுவதும், காயில் கொதித்து எண்ணெய் கக்குவதும் இதனால்தான். ஆகவே மொத்தத் தடை 3 ஓமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, 12 வோல்ட் காயில் போடுவது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் காயில்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை சுமார் 3 ஓம், நேரடியாக இணைக்கலாம். இன்னொரு வகை 1.5 ஓம், வெளியே ரெசிஸ்டர் இருந்தால்தான் 12 வோல்ட்டுக்கு ஆகும். மேலே இருக்கும் எழுத்தை நம்பாமல், கடையிலேயே அளந்து 3 ஓம் உள்ளதை வாங்குங்கள்.

இரண்டு, பழைய காயிலையே வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் 1.5 முதல் 1.8 ஓம் வரையுள்ள பீங்கான் பேலஸ்ட் ரெசிஸ்டர் போடுவது. நன்றாக வேலை செய்யும். ஆனால் சுவிட்ச் ஆனில், பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் அது 30 வாட் வரை சூடாகப் போக்கும், தொட்டால் கை சுடும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் எதையும் ஒட்டாமல், காற்றோட்டமான இரும்புத் தகட்டில் திருகுங்கள்.

ஃபோர்டு 9என், 2என், தொடக்ககால 8என் டிராக்டர்களில், பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம் இருக்கும். காயில் சதுரமாக அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். இவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பெனியே ஒரு ரெசிஸ்டர் கொடுத்திருக்கிறது. அதைக் கழற்றாதீர்கள். காயிலின் மேல் முனைக்கும் கீழே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே அளந்து, ரெசிஸ்டரின் அளவையும் கூட்டி, 3 ஓமுக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு இன்னொரு ரெசிஸ்டரை வரிசையில் சேருங்கள். இந்த அமைப்புக்கென்றே 12 வோல்ட் சதுரக் காயிலும் கிடைக்கிறது.

எர்த்தைத் திருப்பியதால் உருண்டைக் காயிலின் ஒயர்களையும் மாற்ற வேண்டும். நெகட்டிவ் எர்த்தில், பாசிட்டிவ் குறியுள்ள முனை சுவிட்சுக்கு, நெகட்டிவ் குறியுள்ள முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. மாற்றாவிட்டாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகத் தாவ வேண்டியிருப்பதால் அதிக வோல்ட் தேவைப்படும். குளிரிலும் சுமையிலும் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். காரணம் தெரியாமல் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள்.

கன்டென்சர், பாயிண்ட், பிளக் எதையும் 12 வோல்ட்டுக்காக மாற்ற வேண்டாம். இடைவெளியும் பழையபடியே. முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கு பாயிண்ட் 0.015 அங்குலம், பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள 8என்னுக்கு 0.025 அங்குலம். பாயிண்ட் ஏற்கெனவே கருகியிருந்தால் மட்டும் புதிது போடுங்கள்.

சோலனாய்டு

ஃபார்மால் போன்றவற்றில் கம்பியை இழுத்தோ நேராக அழுத்தியோ இயக்கும் சுவிட்ச் இருந்தால் மாற்ற ஒன்றும் இல்லை. சோலனாய்டு உள்ள டிராக்டரில் 12 வோல்ட் சோலனாய்டு போட வேண்டும். 6 வோல்ட் சோலனாய்டு கொஞ்ச காலம் தாங்கும். பிறகு உள்ளே தகடு ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் செல்ஃப் நிற்காது. அப்போது பேட்டரி கிளாம்ப்பை இழுப்பது ஒன்றே வழி.

8என்னில் ஒரு சங்கதி உண்டு. அதன் ஸ்டார்ட் பட்டன் சோலனாய்டின் சிறிய முனையை எர்த் செய்கிறது. சாதாரணக் கார் சோலனாய்டோ அந்த முனைக்கு 12 வோல்ட் கொடுத்தால்தான் இழுக்கும். அதை வாங்கி மாட்டினால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே வராது. வாங்கும்போது சிறிய முனைக்கும் சோலனாய்டின் இரும்பு அடிக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பு இருந்தால் அது கார் வகை. சிறிய முனைக்கும் பேட்டரி போல்ட்டுக்கும் இடையே தொடர்பு இருந்தால் அது இந்த டிராக்டருக்கானது.

சார்ஜிங்

பழைய டைனமோவைக் கழற்றி, அதே இடத்தில் உள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும் ஆல்டர்னேட்டரைப் போடுவதே சரியான தீர்வு. இந்த வேலைக்கு மிகவும் பரவலானது டெல்கோ 10எஸ்ஐ. ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டர் வசதியாகத் தோன்றும். ஆனால் அது விழித்துக்கொள்ள எஞ்சினை நன்றாக ரேஸ் செய்ய வேண்டும். ஐடில் 400, 450 சுற்றில் ஓடும் டிராக்டருக்கு மூன்று ஒயர் வகையே பொருந்தும்.

பிராக்கெட்டில் மாட்டும்போது புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். 1.5 மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் ஓரம் தேயும். புல்லியின் பள்ளமும் பெல்ட்டின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கார் ஆல்டர்னேட்டரோடு வரும் புல்லி பெரும்பாலும் குறுகலாக இருக்கும், டிராக்டர் பெல்ட் அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்து வழுக்கும். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 12 மி.மீ. அளவுக்கு அமுங்கினால் போதும். பல டிராக்டர்களில் தண்ணீர் பம்பும் ஃபேனும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் வழுக்கினால் சார்ஜிங்கோடு எஞ்சினும் சூடேறும்.

ஒயரிங் இப்படி. பின்பக்கத் தடித்த போல்ட்டிலிருந்து 10 சதுர மி.மீ. ஒயர் ஆம்ப் மீட்டருக்கு. ஆம்ப் மீட்டரின் மறுபக்கத்திலிருந்து சோலனாய்டின் பேட்டரி போல்ட்டுக்கு. பக்கவாட்டில் இரண்டு தட்டை முனைகள் இருக்கும், 1, 2 என்று எண் போட்டிருக்கும். 2ஆம் எண்ணிலிருந்து ஒரு குட்டி ஒயரைப் பின்பக்கத் தடித்த போல்ட்டிலேயே சேருங்கள். 1ஆம் எண்ணுக்கு இக்னிஷன் சுவிட்சின் வெளிவரும் முனையிலிருந்து, 12 வோல்ட் 2 முதல் 5 வாட் விளக்கு ஒன்றின் வழியாக மின்சாரம் கொடுங்கள். விளக்குக்குப் பதில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும் ஆகும். அதோடு 3 ஆம்பியர் டையோடு ஒன்றை வரிசையில் சேருங்கள், கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரைப் பார்த்து இருக்கட்டும். இந்த டையோடு இல்லாவிட்டால் சில டிராக்டர்களில் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. ஆல்டர்னேட்டர் அதே ஒயர் வழியாகக் காயிலுக்குத் திரும்ப மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றிச் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். வோல்ட் எகிறி டையோடுகள் போய்விடும்.

ஆல்டர்னேட்டர் போடாமல், பேட்டரியை அவ்வப்போது வெளிச் சார்ஜரில் போட்டு ஓட்டவும் செய்யலாம். பாயிண்ட் பாதி நேரம் திறந்தே இருப்பதால் காயில் சராசரியாக 2 முதல் 3 ஆம்பியர்தான் இழுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் 10 மணி நேரம் கிடைக்கும். விளக்குப் போடாதவர்களுக்குப் போதும். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் டைனமோவைச் சும்மா கழற்றிவிடக் கூடாது. ரெகுலேட்டரும் ஃபீல்டு முனையும் உள்ள டைனமோவில் ஃபீல்டு ஒயரைக் கழற்றினால் போதும். ரெகுலேட்டருக்குப் பதில் கூடுதல் பிரஷால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது பிரஷ் வகையில், கட்அவுட்டுக்கு (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலே) போகும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, டைனமோவின் வெளியீட்டு முனையைக் குட்டி ஒயரால் அதன் உடம்போடு எர்த் செய்ய வேண்டும். சுமையில்லாமல் திறந்து விட்டால் வோல்ட் ஏறி ஃபீல்டு சுருள் எரிந்துவிடும்.

மீதி சில்லறை

எல்லா பல்பையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஹாரன் பழையதே போதும், விட்டுவிட்டு அடித்தால். ஆம்ப் மீட்டருக்கு வோல்ட் பற்றிக் கவலையில்லை, எர்த் திரும்பியதால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் சரி. பின்புறம் வளையம் மட்டும் இருக்கும் மீட்டர் என்றால் ஒயரை எதிர்ப்பக்கமாக நுழையுங்கள். மின்சார எரிபொருள் மீட்டர் இருந்தால் அதற்கு மட்டும் 6 வோல்ட் கொடுக்க 7806 ரெகுலேட்டரை அலுமினியத் தகட்டில் பொருத்திப் போடலாம். சாதாரண ரெசிஸ்டர் போட்டால் முள் தவறாகக் காட்டும்.

துணி சுற்றிய பழைய ஒயர் வளைத்தால் உதிர்ந்தால், அதை மாற்றும் நேரம் இதுதான். விளக்குக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், இக்னிஷனுக்கு 10 ஆம்பியர். புதிய பேட்டரி பழைய பெட்டியில் ஆடாமல் உட்கார வேண்டும். பானெட்டின் உட்புறம் முனைகளில் இடிக்கிறதா என்று மூடிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் ரப்பர் தகடு ஒட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்

எர்த் கேபிளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். கழற்றும்போது அதுவே முதலில். மாட்டுவதற்கு முன், சாவி ஆஃபில், எர்த் கட்டைக்கும் கேபிளுக்கும் இடையே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட விட்டால் 13.8 முதல் 14.4 வரை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது. 12.5லேயே நின்றால் 1ஆம் எண்ணில் மின்சாரம் வரவில்லை, அல்லது டையோடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு காயிலில் கை வையுங்கள். சூடு இருக்கும், ஆனால் கையை வைத்திருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் தடை குறைவு, மறுபடி அளந்து பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியை ஆனில் மறந்துவிட்டால், பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால், சரியான காயிலும் எரிந்துவிடும்.

சூடானதும் எஞ்சின் நின்று, ஆறினால் மறுபடி எடுக்கிறதா? காயில்தான் முதல் சந்தேகம். புதுப் பாயிண்ட் சில நாளிலேயே கருகினால் ரெசிஸ்டரை யாரோ தாண்டி ஒயர் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது மட்டும் பொறி வந்து, பட்டனை விட்டதும் எஞ்சின் அணைந்தால் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். அது, அடிக்கும் நேரத்தில் மட்டும் காயிலுக்கு நேர் மின்சாரம் கொடுக்கும் கூடுதல் முனையுள்ள சோலனாய்டுகளில் வருவது.

பக்கத்தில் மாற்றாத 6 வோல்ட் டிராக்டர் இன்னொன்று நின்றால் ஒரு எச்சரிக்கை. அதற்கு இந்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்க, 6 வோல்ட் பேட்டரியின் முனைகளிலேயே கேபிளைக் கவ்வவிடாதீர்கள். 6 வோல்ட் பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும், ஒரு பொறி போதும் அது வெடிக்க.